அத்தியாயம் 7: திறந்த கதவுக்கு ஒரு பிஸி லைட்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்ப்பது கஷ்டம். பஜார் ரோட்டுப் பழைய கட்டடங்களில் காயல் காற்று முன்வாசலில் நுழைந்து பின்கட்டு வழியாகப் போனால்தான் உள்ளே உட்கார முடியும். அடைத்தால் சற்று நேரத்தில் சட்டை நனைந்துவிடும். குளிரூட்டிய அலுவலகங்களில் மூடிய கதவே "இப்போது வர வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறது. இங்கே அந்த வசதி இல்லை. திறந்த கதவுக்குள் ஒருவர் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஹாம்பர்க் வாடிக்கையாளரிடம் ஏலக்காய் விலை பேசிக்கொண்டிருப்பார். டீ கொண்டுவந்த சேட்டன் வாசலில் நின்று குரல் கொடுப்பார். இருவர் மேலும் தப்பில்லை. பேச்சு நடக்கிறது என்று வெளியே காட்ட ஓர் அடையாளம் இல்லை.

அந்த அடையாளத்துக்குத்தான் பிஸி லைட். கணினியின் யுஎஸ்பி துளையில் செருகும் சின்ன விளக்கு இது. நீங்கள் அழைப்பில் இருந்தால் சிவப்பு, ஓய்வாக இருந்தால் பச்சை, எழுந்து போயிருந்தால் மஞ்சள் என்று தானாக மாறும். டென்மார்க்கின் பிளெனம் நிறுவனத்தின் குவாண்டோ பிஸிலைட், எம்ப்ராவாவின் பிளிங்க்லைட், லக்ஸாஃபர் ஃபிளாக், திங்எம் நிறுவனத்தின் பிளிங்க் ஒன் ஆகியவை பெயர் பெற்றவை. வாங்கும் முன் உங்கள் ஹெட்செட்டையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஜாப்ரா இவால்வ் 2 வரிசையில் பல மாடல்களில் காதுக்கிண்ணத்தின் வெளிப்புறத்திலேயே சிவப்பு விளக்கு உண்டு. அதை எரிப்பதும் அணைப்பதும் ஜாப்ரா டைரக்ட் மென்பொருளில் இருக்கிறது. பக்கத்து மேசைக்காரருக்கு மட்டும் தெரிந்தால் போதுமென்றால் காசு செலவழிக்க வேண்டாம்.

இதனால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்வேன். சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏபிபி நிறுவனத்தோடு சேர்ந்து ஃபுளோலைட் என்ற மேசை விளக்கைச் செய்து, 12 நாடுகளில் 449 பேரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2017இல் வெளியானது. வேலைக்கு நடுவே வந்த இடையூறுகள் 46 சதவீதம் குறைந்திருந்தன. ஒரு சின்ன விளக்குக்கு இது பெரிய பலன்.

விளக்கு யாரை நம்ப வேண்டும்

நிறம், பளபளப்பு, மின்னும் வேகம் எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம். முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் விளக்கு எதைப் பார்த்து நிறம் மாற வேண்டும்? வழி நான்கு. நாள்காட்டியில் உள்ள மீட்டிங், கீபோர்டும் மவுஸும் அசைவது, மைக்கும் கேமராவும் ஓடுவது, நீங்கள் கையால் வைப்பது. பெரும்பாலோர் பெட்டியைப் பிரித்து, கூடவே வரும் மென்பொருளை ஏற்றி, அது எதை நம்புகிறது என்று பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் விளக்கு பொய் சொல்வது வீட்டாருக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு எந்த நிறத்துக்கும் மதிப்பு இருக்காது.

மட்டாஞ்சேரி வேலைகளுக்கு என் வரிசை இது: மைக் முதலில், கை இரண்டாவது, நாள்காட்டி மூன்றாவது, கீபோர்ட் கடைசி.

கீபோர்டைக் கடைசியில் வைக்கக் காரணம் உண்டு. ஃபுளோலைட் கீபோர்ட், மவுஸ் அசைவை நம்பித்தான் அவ்வளவு நன்றாக வேலை செய்தது. நாள் முழுக்கத் திரையிலேயே இருப்பவர்களுக்கு அது பொருந்தும். மசாலா ஏற்றுமதி அலுவலகத்தில் மிக முக்கியமான வேலை திரைக்கு வெளியே நடக்கிறது. மிளகு சாம்பிளைத் தட்டில் பரப்பிப் பொறுக்குவது, லிட்டர் வெயிட் பார்ப்பது, ஈரப்பதம் அளப்பது, கிட்டங்கியில் மூட்டை எண்ணுவது. அந்த நேரத்தில் கீபோர்டில் கை படாது. மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் 5 நிமிடம் அசைவு இல்லையென்றால் உங்களை "அவே" என்று மஞ்சளாக்கிவிடும். நீங்கள் மும்முரமாக இருக்கும்போது விளக்கு "ஆள் இல்லை" என்கிறது.

நாள்காட்டியை மூன்றாவதாக வைத்ததற்குக் காரணம், 4 மணி மீட்டிங் 4:20க்கே முடிந்தாலும் அது 5 மணி வரை நீங்கள் மீட்டிங்கில் இருப்பதாகவே நினைக்கும்.

மைக் பொய் சொல்வது அரிது. மைக் ஓடுகிறதென்றால் யாரோ உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் நிற்பவருக்குத் தெரிய வேண்டிய செய்தி அதுதான்.

விண்டோஸ் 11இல் செய்யவேண்டியவை

முதலில் விளக்கின் மென்பொருளை ஏற்றி, அது டீம்ஸோடு எப்படிப் பேசுகிறது என்று பாருங்கள். சில மென்பொருள்கள் மைக்ரோசாஃப்ட் கிராஃப் வழியாக இணையத்தில் உள்ள உங்கள் நிலையைப் படிக்கும். அப்போது உங்கள் நிறுவன நிர்வாகி ஒருமுறை அனுமதி கொடுக்க வேண்டியிருக்கலாம், நிறம் மாறச் சில விநாடிகளும் ஆகும். இன்னொரு வழி டீம்ஸிலேயே இருக்கிறது. டீம்ஸ் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய், வெளி ஆப்களுக்கான ஏபிஐ என்ற தலைப்பில் மேனேஜ் ஏபிஐ பொத்தானை அழுத்தி இயக்கலாம். இது உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கும் பேச்சு. நீங்கள் மீட்டிங்கில் இருக்கிறீர்களா, மைக் மியூட்டா, கேமரா ஓடுகிறதா என்பதை விளக்கின் மென்பொருளுக்கு உடனே சொல்லும். உங்கள் மென்பொருள் இரண்டையும் ஏற்குமானால் இதையே தேர்ந்தெடுங்கள். ரௌட்டர் நின்று நீங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்குத் தாவும் அந்த இடைவெளியில் இணைய வழி தடுமாறும். உள்ளூர் வழி தடுமாறாது.

ஒரே நாளில் டீம்ஸ், ஜூம், கூகுள் மீட் மூன்றிலும் பேசுகிறவர்களுக்கு ஒரு ஆப்பை மட்டும் கேட்கும் விளக்கு போதாது. விண்டோஸ் எந்த ஆப் மைக்கைப் பிடித்திருக்கிறது என்று குறித்து வைக்கிறது. செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, மைக்ரோஃபோன் பக்கத்துக்குப் போனால், இப்போது பயன்படுத்தும் ஆப்பின் கீழே அப்படியே எழுதியிருக்கும். இதே விவரம் ரெஜிஸ்ட்ரியில் கன்சென்ட்ஸ்டோர் என்ற கிளையில், மைக்ரோஃபோன், வெப்கேம் என்று தனித்தனியாக இருக்கிறது. ஒவ்வோர் ஆப்புக்கும் கடைசியாக எப்போது நிறுத்தியது என்ற நேரம் பதிவாகும். அந்த இடத்தில் 0 இருந்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சில விநாடிக்கு ஒருமுறை இதைப் பார்த்து விளக்குக்குக் கட்டளை அனுப்பும் சின்ன ஸ்கிரிப்டை, கொஞ்சம் பவர்ஷெல் தெரிந்த யாரும் எழுதித் தருவார்கள். எந்த ஆப்பில் பேசினாலும் விளக்கு சரியாக எரியும். ரெஜிஸ்ட்ரியைப் படிக்க மட்டும் செய்யுங்கள், எதையும் மாற்ற வேண்டாம்.

கையால் வைப்பது பழைய முறைபோலத் தோன்றும். சாம்பிள் அறைக்குப் போகும்போது அதுதான் சரி. டீம்ஸில் உங்கள் படத்தை அழுத்தி, நிலையைத் தொட்டு, டியூரேஷன் என்பதில் "பிஸி" என்றும் 30 நிமிடம் அல்லது 1 மணி நேரம் என்றும் வையுங்கள். நேரம் முடிந்ததும் தானாகத் திரும்பிவிடும். கால அளவு வைக்காமல் வெறும் பிஸியைத் தொட்டுவிட்டுப் போகாதீர்கள். மறந்துபோனால் சாயங்காலம் வரை சிவப்பு எரியும்.

திரையைப் பூட்டினால் விளக்கு மாற வேண்டும் என்றால் டாஸ்க் ஷெட்யூலரைத் திறங்கள். புதிய வேலையின் டிரிகர் பட்டியலில் கணினி பூட்டப்படும்போது, பூட்டு திறக்கும்போது என்று இரண்டு தேர்வுகள் உண்டு. முதலாவதில் விளக்கை மஞ்சளாக்கும் கட்டளை, இரண்டாவதில் பழைய நிலைக்குத் திருப்பும் கட்டளை. எழும்போது விண்டோஸ் பொத்தானோடு எல் எழுத்தை அழுத்தும் பழக்கம் இருந்தால் இது ஒரு நாளும் தவறாது.

விளக்கின் மென்பொருள் கணினியோடு சேர்ந்தே தொடங்க வேண்டும். செட்டிங்ஸ், ஆப்ஸ், ஸ்டார்ட்அப் பக்கத்தில் அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே விளக்கை இரண்டு மென்பொருள் கட்டுப்படுத்தினால் நிறம் மாறி மாறித் துடிக்கும். ஒன்றை நீக்கிவிடுங்கள்.

பலர் டைனமிக் லைட்டிங் பக்கத்தில் போய்த் தேடி ஏமாறுகிறார்கள். செட்டிங்ஸில் பர்சனலைசேஷனுக்குள் 2023 செப்டம்பர் அப்டேட்டில் வந்த வசதி அது. நிறமும் பளபளப்பும் அங்கே மாற்றலாம், எந்த ஆப் முதலில் விளக்கைப் பிடிக்கலாம் என்றும் வரிசைப்படுத்தலாம். ஆனால் லாம்ப்அரே என்ற தரத்தில் வந்த கீபோர்ட், மவுஸ், விளக்குப்பட்டைகளுக்கு மட்டுமே அது. பிஸி லைட் என்று விற்பவை பெரும்பாலும் அந்தத் தரத்தில் இல்லை. அங்கே தெரியவில்லை என்பதால் விளக்கு பழுது என்று நினைக்காதீர்கள். ஒத்துவரும் கீபோர்ட் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், பின்னணி விளக்குக் கட்டுப்பாடு என்ற பட்டியலில் உங்கள் ஆப்பை மேலே ஏற்றி, அதையே நிலைகாட்டியாக்கலாம்.

மேக், லினக்ஸ்

மேக்கில் கையால் நிலை வைக்க உதவும் ஃபோகஸ் வசதி 2021இல் மான்டெரியோடு வந்தது. மீட்டிங்குக்கு ஒரு ஃபோகஸ், சாம்பிள் வேலைக்கு ஒரு ஃபோகஸ் என்று வைத்துக்கொள்ளலாம். ஆப்பிள் சிலிக்கன் லேப்டாப்பில் புது யுஎஸ்பி சாதனத்தைச் செருகும்போது அனுமதி கேட்கும். அப்போது மறுத்துவிட்டு விளக்கு எரியவில்லை என்று பலர் கடைக்குத் திரும்பப் போகிறார்கள். லினக்ஸில் சாதாரணப் பயனருக்கு விளக்கைத் தொட உரிமை இருக்காது. யூடெவ் விதி ஒன்று எழுத வேண்டும். பிஸிலைட் ஃபார் ஹியூமன்ஸ் என்ற இலவச பைத்தான் கருவி பல கம்பெனி விளக்குகளை ஒரே கட்டளையால் இயக்கும், அந்த விதியையும் எழுதித் தரும்.

நிறத்தைத் திருத்துவது

பெரும்பாலான மென்பொருள்களில் நிறம் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் கலவை. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மஞ்சளுக்கு சிவப்பு 255, பச்சை 255 என்று வைத்தால் திரையில் மஞ்சளாகத் தெரியும். எல்இடியில் அது வெளிறிய பச்சையாக விழும், தூரத்திலிருந்து பார்ப்பவர் "வரலாம்" என்று எடுத்துக்கொள்வார். பச்சையை 100 முதல் 130 வரை குறையுங்கள். நல்ல அம்பர் நிறம் கிடைக்கும். ராத்திரி அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவர்கள் பளபளப்பைப் பகல் அளவிலேயே விடாதீர்கள். மரக்கூரையும் இருண்ட நடையும் உள்ள வீடுகளில் முழு வெளிச்ச எல்இடி கண்ணைக் குத்தும்.

சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 12 பேருக்கு ஒருவர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. நம் ஊரிலும் எந்த அலுவலகத்திலும் ஒருவர் இருக்கக்கூடும், அவரே அதை வெளியே சொல்லியிருக்க மாட்டார். அதனால் "வரலாம்" என்பதற்குப் பச்சைக்குப் பதில் நீலம் வைப்பதே என் பரிந்துரை. அழைப்பில் இருக்கும்போது சிவப்பு மெதுவாக ஏறி இறங்கட்டும், மற்ற நிறங்கள் நிலையாக எரியட்டும். நிறம் தெரியாதவருக்கும் அசைவு தெரியும். மின்னும் வேகம் விநாடிக்கு 3 முறைக்கு மேல் போகவே கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து.

நிறத்துக்கு எல்லோரும் ஒரே பொருள் கொள்வார்கள் என்றும் எண்ண வேண்டாம். கொச்சித் துறைமுகத்துக்குள் வரும் கப்பலுக்குச் சிவப்பு மிதவை இடப்பக்கம், பச்சை மிதவை வலப்பக்கம். படகின் விளக்குகளிலும் இடது சிவப்பு, வலது பச்சை. மட்டாஞ்சேரி வாய்க்காலில் படகோட்டும் குடும்பத்திலிருந்து வந்தவருக்குச் சிவப்பு என்பது முதலில் ஒரு திசை. விளக்கை மாட்டும் நாளிலேயே வீட்டாரையும் கூட வேலை செய்பவர்களையும் கூப்பிட்டு, எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று ஒவ்வொன்றாக எரித்துக் காட்டுங்கள். சிவப்பு எரியும்போதும் அவசரம் என்றால் என்ன செய்யலாம் என்று சொல்லிவையுங்கள். பேசாமல் மேசையில் ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போகலாம் என்பது நல்ல ஏற்பாடு. அம்மாவுக்கு இதைச் சொல்லும்போது "வராதே" என்று சொல்லாமல், "சிவப்பு எரிந்தால் நான் பேசுறது வெளிநாட்டுக்காரங்களுக்குக் கேட்கும்மா" என்று சொன்னால் போதும். காரணம் தெரிந்தவர்கள் விளக்கை மதிப்பார்கள்.

எங்கே மாட்டுவது

ஜூ டவுனில் பரதேசி யூதர் தொழுகைக்கூடத்தை ஒட்டி, எசெக்கியேல் ரஹபி 1760இல் கட்டிய மணிக்கூண்டு நிற்கிறது. அதன் முகங்களில் எபிரேயம், ரோமன், மலையாளம் என்று வெவ்வேறு எண்கள். மட்டாஞ்சேரி அரண்மனை இருக்கும் பக்கம் மலையாள எண்கள். பார்ப்பவர் எந்தப் பக்கமிருந்து வருகிறாரோ, அவருக்குத் தெரிந்த எழுத்தில் நேரம் சொல்லும் ஏற்பாடு. மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்கணி உருது எல்லாம் ஒரே தெருவில் கேட்கும் ஊர் இது. ஒரு மொழியில் எழுதிய அட்டையைவிட விளக்கு இங்கே பொருத்தம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். திசைதான் முக்கியம். பிஸி லைட்டை மானிட்டர் மேல் உங்கள் பக்கம் திருப்பி வைப்பதில் பயனில்லை. வருகிறவர் முதலில் பார்க்கும் இடத்தில், அவர் வாய் திறப்பதற்கு முன்பே கண்ணில் படும்படி இருக்க வேண்டும். மாடியில் வேலை பார்ப்பவருக்கு அது பெரும்பாலும் மாடிப்படியின் கீழ்முனை.

அங்கேதான் கேபிள் சிக்கல் வருகிறது. யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டருக்கு மேல் நம்பகமாக இருக்காது. அதற்கு மேல் நீளம் வேண்டுமென்றால் ஆக்டிவ் எக்ஸ்டென்ஷன் கேபிளோ, தனி மின்சாரம் உள்ள ஹப்போ நடுவில் வையுங்கள். வைஃபை பல்பு மாட்டலாமே என்று தோன்றும். வெட்டுக்கல் சுவர் தடிமனாக இருக்கும் வீடுகளில் ரௌட்டர் சிக்னல் அந்த மூலைக்குப் போகிறதா என்று மொபைலை வைத்து முதலில் பார்த்துவிடுங்கள்.

மின்சாரமும் மழையும்

கணினி உறங்கிய பிறகும் சிவப்பு எரிந்துகொண்டே இருப்பது எல்லோரும் சொல்லும் புகார். கணினி உறங்கினாலும் பல லேப்டாப்களின் யுஎஸ்பி துளையில் மின்சாரம் ஓடும். விளக்கு கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். பயாஸில் ஆல்வேஸ் ஆன் யுஎஸ்பி அல்லது அதுபோன்ற பெயரில் இருப்பதை அணைத்துவிட்டால் தீரும். குவாண்டோ விளக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. கணினியிலிருந்து தொடர்ந்து "இருக்கிறேன்" என்று தகவல் வராவிட்டால் அரை நிமிடத்துக்குள் தானே அணைந்துவிடும். பிளிங்க் ஒன்னிலும் அதுபோல ஒரு காவல் ஏற்பாடு உண்டு, அதை நாமே இயக்கி வைக்க வேண்டும். செத்த கணினியின் பெயரில் சிவப்பு எரிவதைவிட இருட்டு மேல். இந்த ஒரு குணத்துக்காகவே இன்னொரு விளக்கைவிடச் சற்றுக் கூட விலை கொடுக்கலாம்.

எதிர்ப்புகாரும் உண்டு: வேலை நடக்கும்போதே விளக்கு அணைகிறது. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் மேம்பட்ட அமைப்புகளில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று ஒன்று இருக்கும், அதை டிசேபிள் செய்யுங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். மின்சாரம் போய் இன்வெர்ட்டர் ஏறும் நொடியில் ஹப் மறுபடி தொடங்குவதால் மென்பொருள் விளக்கைத் தொலைத்துவிடுவதும் உண்டு. கேபிளைப் பிடுங்கிச் செருகினால் வந்துவிடும். அடிக்கடி நடந்தால் ஹப்பை விட்டுவிட்டு லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை உப்பும் ஈரமும் சேர்ந்து யுஎஸ்பி முனைகளைக் கருக்கவைக்கும். மாதம் ஒருமுறை கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே செருகுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒருவரை வாசலில் நிறுத்திச் சோதியுங்கள். டீம்ஸில் ஒரு சோதனை அழைப்பு, ஜூமில் ஒன்று, மியூட் போட்டு ஒன்று, திரையைப் பூட்டி ஒன்று, லேப்டாப் மூடியைச் சாத்தி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அவர் பார்த்த நிறத்தை உரக்கச் சொல்லட்டும். ஜூம் அழைப்பில் மட்டும் தப்பான நிறம் வந்தால், விளக்கு இன்னும் டீம்ஸை மட்டும்தான் கேட்கிறது. மைக் வழிக்கு மாற்றுங்கள். டீம்ஸ் அழைப்பில் நிறம் சில விநாடி பிந்தி வந்தால் அது கிராஃப் வழியில் ஓடக்கூடும். எதிலுமே மாறாமல் ஒரே நிறத்தில் நின்றால், நிறுவனத்தின் ஐடி பிரிவுக்கு விளக்கின் பெயர், மென்பொருளின் பெயர், அது கேட்கும் அனுமதியின் பெயர் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். வெறுமனே "லைட் வேலை செய்யவில்லை" என்று எழுதினால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது.